அறை காலியா, ஜாக்கெட் மிச்சமா? முன்பதிவு மென்பொருளில் இருப்புச் சரிபார்ப்பை அமைப்பது எப்படி

விடுதிக்கோ வாடகைக் கடைக்கோ முன்பதிவு மென்பொருள் எழுத உட்காருபவர்கள் முதலில் நாட்காட்டித் திரையைத்தான் வரைகிறார்கள். பச்சைக் கட்டம் காலி, சிவப்புக் கட்டம் நிரம்பியது. உரிமையாளருக்குப் பிடித்துப்போகும், அட்வான்ஸும் கைக்கு வந்துவிடும். ஆடி அமாவாசைக்கு முந்தைய இரவு ஒரே அறைச் சாவிக்கு இரண்டு குடும்பங்கள் பையும் பாத்திரமுமாக வரவேற்பறையில் நிற்கும்போதுதான் அந்தப் பச்சைக் கட்டத்தின் லட்சணம் தெரியும்.

ராமேசுவரத்தில் தங்கும் விடுதிக்கும், மண்டபம் ஊர்ப் பக்கத்தில் கயாக் (சிறு துடுப்புப் படகு), லைஃப் ஜாக்கெட், நீரடிக் கண்ணாடி வாடகைக்கு விடும் இடத்துக்கும் இந்த வேலையைச் செய்து நன்றாகவே அல்லாடியிருக்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் அதே அல்லாட்டத்தைப் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். எந்த நிரல்மொழியில் எழுதினாலும் பொருந்தும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: காலியா என்று பார்ப்பது ஒரு வேலை, எனக்கு என்று பிடிப்பது இன்னொரு வேலை. திரையில் காட்டுவது அந்த நொடியின் தகவல் மட்டுமே. உறுதி என்பது தரவுத்தளத்தில் பதிவு விழும் இடத்தில்தான் இருக்கிறது.

1. முதலில் நோட்டைக் கேட்டு வாங்குங்கள்

நிரல் எழுதுமுன் கையில் இருக்கவேண்டிய ஆவணங்கள் இவை: சென்ற ஆண்டு ஆடி அமாவாசை வாரத்தின் முன்பதிவு நோட்டு, அதோடு ஒப்பிட கூட்டமில்லாத ஏதோ ஒரு வாரத்தின் நோட்டு, அட்வான்ஸ் ரசீதுப் புத்தகம், கட்டண அட்டை, பழுதுபார்ப்புக் குறிப்புகள். வெளித்தளங்கள் (பயண முன்பதிவு இணையதளங்கள்) வழியாகவும் முன்பதிவு வருகிறது என்றால் அவற்றின் நாட்காட்டியையும் பார்க்க அனுமதி கேளுங்கள்.

நோட்டில் நேராக எழுதியிருப்பதைவிட அடித்துத் திருத்தியதைப் படியுங்கள். ஒரு பக்கத்தில் 204 என்ற எண்ணை அடித்துவிட்டு மேலே 207 என்று எழுதி, ஓரத்தில் சிவப்பு மையில் ‘மாலை 6க்கு மேல் கொடுக்கவும்’ என்று மேனேஜர் குறித்திருந்தார். அந்த ஒற்றை வரிக்குள் மூன்று விதிகள் இருக்கின்றன. வாக்குக் கொடுத்த பிறகும் அறை எண்ணை மாற்றலாம். ஒரு விருந்தினர் போனதும் அறை உடனே அடுத்தவருக்குத் தயாராகிவிடுவதில்லை. இவற்றை முடிவு செய்யும் அதிகாரம் மேனேஜருக்கு உண்டு. உரிமையாளரிடம் விதி என்ன என்று கேட்டால் இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கு அதெல்லாம் பழக்கம்.

நோட்டைப் படித்த பிறகு, பின்வரும் கேள்விகளுக்கான பதிலை ஒரே தாளில் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்:

- வாடகை நாள் 24 மணி நேரமா, மதியம் 12 மணிக் கணக்கா? நேரில் வருபவருக்கு ஒன்று, இணையத்தில் வருபவருக்கு வேறொன்றா?
- காலி செய்யும் நேரத்துக்கு மேல் எத்தனை நிமிடம் பொறுப்பீர்கள்?
- அட்வான்ஸ் தராமல் தொலைபேசியில் சொல்லி வைத்த அறையை எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள்?
- நிரம்பிய பிறகும் ‘நம்ம ஆள்’ வந்தால் இடம் தருவதற்கென்று ஒதுக்கி வைக்கும் அறை உண்டா?

கடைசிக் கேள்விக்குச் சிரிப்புத்தான் பதிலாக வரும். விடாதீர்கள். கோயில் நகரத்தில் அப்படி ஓர் அறை இல்லாத விடுதியை நான் பார்த்ததில்லை. அதை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால், மென்பொருள் அதை முதல் ஆளுக்கே கொடுத்துவிடும்.

2. நேரத்தைச் சரியாக வெட்டுங்கள்

ஒவ்வொரு முன்பதிவுக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டையும் பதியுங்கள். தொடக்க நொடி முன்பதிவுக்குள் சேர்த்தி, முடிவு நொடி சேர்த்தியில்லை. 12 மணிக்கு ஒருவர் காலி செய்தால் அதே 12 மணிக்கு இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பது இதனால் தானாகவே வரும். முடிவை 11:59 என்று பதியும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். அந்த ஒரு நிமிட ஓட்டை வேறெங்காவது ஒரு கணக்கில் வந்து இடிக்கும்.

இரண்டு முன்பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்க ஒரே சோதனை போதும்: புதியது தொடங்குவது பழையது முடிவதற்கு முன்பாக இருக்கவேண்டும், பழையது தொடங்குவதும் புதியது முடிவதற்கு முன்பாக இருக்கவேண்டும். இரண்டும் உண்மையானால் மோதல். ‘முன்பாக’ என்ற இடத்தில் ‘முன்பாக அல்லது அதே நேரத்தில்’ என்று எழுதிவிட்டால், அடுத்தடுத்து வரும் முன்பதிவுகள் எல்லாம் மோதுவதாகக் காட்டி, பாதி அறைகள் சும்மா கிடக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் சிக்கும் இடம் இது. ‘புதியதன் தொடக்கமோ முடிவோ பழையதற்குள் விழுகிறதா’ என்று மட்டும் சோதிப்பார்கள். ஒரு கயாக் காலை 6 முதல் 8 வரை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 5 முதல் 10 வரை கேட்கிறார். 5 மணியும் 6க்கும் 8க்கும் இடையில் இல்லை, 10 மணியும் இல்லை. மென்பொருள் காலி என்று சொல்லிவிடும். மேலே சொன்ன ஒரே சோதனை இதையும் பிடிக்கும், மற்ற எல்லா வகைகளையும் பிடிக்கும். வகை வகையாகப் பிரித்து நான்கைந்து நிபந்தனை எழுதத் தேவையே இல்லை.

அடுத்தது நேர மண்டலம். சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நேரத்தைப் பொது நேரத்தில் சேமிப்பது நல்லதுதான். ஆனால் ‘எந்தத் தேதி’ என்று வெட்டும்போது இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகே வெட்டவேண்டும். ராமேசுவரத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அக்னி தீர்த்தத்தில் விடியலில் நீராட வருபவர்கள் அதிகாலை 4 மணிக்கு அறை கேட்பார்கள். அந்த 4 மணி, பொது நேரத்தில் முந்தைய நாள் இரவு 10:30. மாற்றாமல் தேதியை வெட்டினால், காலை 5:30க்கு முன் வருகிற அத்தனை பேரும் முந்தைய நாள் கணக்கில் போய் விழுவார்கள். பகலிலேயே சோதனை செய்து முடிப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

கடைசியாக, முடிவு நேரம் தொடக்கத்தைவிடப் பிந்தியதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைத் தரவுத்தளத்திலேயே போடுங்கள். இரண்டும் சமமானால் சில தரவுத்தளங்களில் அந்த முன்பதிவு எதனோடும் மோதாமல் நழுவிவிடும். முடிவு வெற்றாக இருந்தால், சில தரவுத்தளங்களில் அது முடிவே இல்லாத முன்பதிவாகி அந்த அறையைக் காலத்துக்கும் அடைத்துவிடும்.

3. அறை எண்ணை எப்போது ஒதுக்குவது

விருந்தினர் கேட்பது ‘ஏசி டபுள் ரூம்’. அவருக்கு 204 என்றாலும் 207 என்றாலும் ஒன்றுதான். நீங்கள் முன்பதிவு செய்யும்போதே எண்ணை ஒதுக்கினால் என்ன ஆகும்? 101 வெள்ளி இரவு நிரம்பியிருக்கிறது, 102 சனி இரவு நிரம்பியிருக்கிறது. வெள்ளி, சனி இரண்டு இரவும் தங்க ஒருவர் கேட்கிறார். இரண்டு இரவும் தலா ஓர் அறை காலி, ஆனால் அவருக்குத் தொடர்ந்து ஓர் அறை இல்லை. நடுவில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாறவேண்டும்.

எண்ணை ஒதுக்காமல், வகைக்கு இத்தனை என்று எண்ணிக்கையை மட்டும் பிடித்து வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும். எந்த நொடியிலும் பிடித்தவை மொத்த அறைகளைத் தாண்டாத வரை, யாரையும் நடுவில் மாற்றாமல் எல்லோருக்கும் எண் ஒதுக்க ஒரு வழி நிச்சயம் உண்டு. இது கணிதத்தில் நிறுவப்பட்டது, நம்பலாம். எண்ணைச் சாவி கொடுக்கும்போது ஒதுக்குங்கள். ஏற்கெனவே உள்ளே தங்கியிருப்பவரும், ‘முதியவர் இருக்கிறார், கீழ்த்தளம்தான் வேண்டும்’ என்று கேட்டு வாங்கியவரும் இதற்கு விலக்கு. அவர்களின் எண்ணைக் கட்டிப்போட்டுவிட்டு மீதியை வைத்துத்தான் எண்ணவேண்டும். கட்டிப்போட்டவை கூடக் கூட மேலே சொன்ன உறுதியும் போய்விடும். அப்போது எண்ணிக்கை போதாது, அறை அறையாக ஒதுக்கிப் பார்த்துத்தான் பதில் சொல்லவேண்டும்.

கல்யாண மண்டபம் என்றால் கதை வேறு. மண்டபத்தை எடுப்பவருக்கு மணமக்கள் அறை, சாப்பாட்டுக் கூடம், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்தே போகும். சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் தனியாகக் கூட்டத்துக்கு விடுவதும் உண்டு. அதனால் ‘மண்டபம்’ என்பதைத் தனிப் பொருளாக வைக்காமல், உள்ளே இருப்பவற்றின் தொகுப்பாக வையுங்கள். தொகுப்பைக் கேட்டால் ஒவ்வொன்றும் காலியா என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் (எல்லாம் பதிவாகும், இல்லையேல் எதுவும் பதிவாகாது) பிடியுங்கள். பிடிக்கும் வரிசை எப்போதும் ஒன்றாக, எண் வரிசைப்படி, இருக்கட்டும். ஒருவர் கூடத்தைப் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டருக்குக் காத்திருக்க, இன்னொருவர் ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குக் காத்திருந்தால் இருவருக்கும் விடிவில்லை. முகூர்த்த வாடகை பெரும்பாலும் முதல் நாளே தொடங்கி மறுநாள் முடியும் என்பதால், மண்டபத்துக்குத் தேதியை வைத்துச் சோதிக்கவே கூடாது. நேரத்தை வைத்துச் சோதியுங்கள்.

4. எண்ணிக்கைச் சாதனங்களுக்கு உச்சத்தைக் கணக்கிடுங்கள்

லைஃப் ஜாக்கெட் மொத்தம் 10. காலை 6 முதல் 8 வரை 6 ஜாக்கெட் போய்விட்டது. 9 முதல் 11 வரை வேறொரு குழுவுக்கு 5. இப்போது ஒருவர் 6 முதல் 11 வரை 4 ஜாக்கெட் கேட்கிறார். கொடுக்கலாமா?

மோதும் முன்பதிவுகளை எல்லாம் கூட்டும் நிரல் 6 + 5 = 11 என்று கணக்குப்போட்டு, இருப்பே 10தான் என்று கைவிரித்துவிடும். ஆனால் அந்த 6ம் 5ம் ஒரே நேரத்தில் வெளியே இல்லை. 8 மணிக்கு 6 திரும்பிய பிறகுதான் 9 மணிக்கு 5 போகிறது. எந்த நொடியிலும் வெளியே இருப்பது 6ஐத் தாண்டவில்லை. 4 தாராளமாகக் கொடுக்கலாம்.

கணக்கிடும் முறை இது. கேட்ட நேரத்தோடு மோதும் ஒவ்வொரு முன்பதிவையும் இரண்டு நிகழ்ச்சிகளாக உடையுங்கள்: தொடக்கத்தில் கூட்டல், முடிவில் கழித்தல். நேர வரிசைப்படி அடுக்கி, மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டே வாருங்கள். வழியில் தொட்ட மிகப்பெரிய எண்தான் உச்சம். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் கொடுக்கக்கூடியது. ஒரே நேரத்தில் கூட்டலும் கழித்தலும் வந்தால் கழித்தலை முதலில் வையுங்கள். இல்லாவிட்டால் 8 மணிக்குத் திரும்பும் ஜாக்கெட்டும் 8 மணிக்குப் போகும் ஜாக்கெட்டும் ஒன்றாகக் கூடி, இல்லாத உச்சத்தைக் காட்டும்.

மொத்த இருப்பு என்பதையும் ஒரே எண்ணாக வைக்காதீர்கள். பட்டை அறுந்த ஜாக்கெட் தையலுக்குப் போயிருக்கும் நாளில் மொத்தம் 9. பழுதையும் ஒரு முன்பதிவைப் போலவே நேரத்தோடு பதிந்தால் உச்சக் கணக்கில் அதுவும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

5. இடைவெளியை முன்பதிவோடு சேர்த்தே எழுதுங்கள்

கடலில் இறங்கிய சாதனத்தை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தாமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் உப்பு அதைத் தின்றுவிடும். அறைக்குப் படுக்கை விரிப்பு மாற்றவேண்டும், குளியலறை கழுவவேண்டும். தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு வந்து தங்கியவர்களின் அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் வேண்டும்.

இந்த இடைவெளியைத் தேடும்போது கூட்டுவதா, பதியும்போது கூட்டுவதா என்ற கேள்வி வரும். பதியும்போது என்பதே என் முடிவு. விருந்தினருக்குச் சொன்ன முடிவு நேரம் ஒன்று, சாதனம் உண்மையில் விடுபடும் நேரம் ஒன்று என இரண்டையும் பதிவிலேயே எழுதுங்கள். மோதல் சோதனை இரண்டாவதை மட்டும் பார்க்கட்டும். தேடும்போது கூட்டினால், நாளைக்கு உரிமையாளர் இடைவெளியை 30 நிமிடத்திலிருந்து 60 ஆக மாற்றியதும் முன்பே ஒப்புக்கொண்ட பழைய முன்பதிவுகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிடும்.

இராமநாதபுரம் கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. தென்மேற்குப் பருவக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம். தொழில் தெரிந்தவர்கள் பருவத்துக்கு ஏற்பக் கயாக்குகளை வண்டியில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோவார்கள். அப்படி இடம் மாறும் சாதனத்துக்கு, ஒரு கரையில் முடிந்து மறுகரையில் தொடங்க நடுவில் பயண நேரமும் வேண்டும். சாதனத்தின் இடம் எது என்பது நிலையான குறிப்பாக இல்லாமல், தேதியோடு மாறக்கூடியதாக இருக்கட்டும்.

6. பிடிக்கும் இடத்தில் பூட்டுப் போடுங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. கணக்கு சரியாக இருந்தும் ஒரே அறை இருவருக்குப் போவது இங்கேதான். மேனேஜர் கவுன்டரில் 204 காலியா என்று பார்க்கிறார்: காலி. அதே நொடியில் மதுரையில் ஒருவர் கைபேசியில் பார்க்கிறார்: காலி. இருவரும் அழுத்துகிறார்கள். இரண்டு சோதனைகளும் உண்மையைத்தான் சொல்லின, இரண்டு பதிவுகளும் விழுந்துவிட்டன. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே இருக்கும் அந்தச் சிறு இடைவெளியை நிரலின் வேகத்தால் அடைக்க முடியாது. தரவுத்தளம்தான் அடைக்கவேண்டும்.

எந்த வழி என்பது நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இரவுக் கணக்கில் மட்டும் ஓடும் சிறு விடுதியா? எண் ஒதுக்கிய அறைகளுக்கு, அறை, தேதி இரண்டையும் சேர்த்து ஒரு தனித்துவச் சாவி (அதே ஜோடி இரண்டாம் முறை வந்தால் தரவுத்தளமே மறுக்கும் நிபந்தனை) போட்டு, ஓர் இரவுக்கு ஒரு பதிவு என்று எழுதுங்கள். மூன்று இரவு என்றால் மூன்று பதிவுகள், ஒரே டிரான்சாக்ஷனில். எந்தத் தரவுத்தளத்திலும் வேலை செய்யும். இதைவிட எளிய வழி கிடையாது. எளியது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

24 மணி நேரக் கணக்கும் மணிக்கணக்கு வாடகையும் இருந்தால் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தை எடுப்பது நல்லது. அதில் நேர வரம்பு என்றே ஒரு தரவு வகை இருக்கிறது. ஒரே அறைக்கு வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்று விலக்கு நிபந்தனை ஒன்றை அட்டவணையிலேயே எழுதலாம். அறை எண்ணை அதில் சேர்க்க பிட்ரீ-ஜிஸ்ட் என்ற நீட்டிப்பை முதலில் இயக்கவேண்டும். அது உங்கள் சர்வர் வாடகைத் திட்டத்தில் கிடைக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மோதினால் தரவுத்தளம் 23பி01 (23P01) என்ற பிழை எண்ணைத் திருப்பும். அதைப் பிடித்து, ‘இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார், இதே வாடகையில் இவை இருக்கின்றன’ என்று காட்டுங்கள். வெற்றுப் பிழைச் செய்தியைக் காட்டினால் அவர் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருப்பார். ரத்தான பதிவுகள் மோதலில் சேராதபடி அந்த நிபந்தனையை வடிகட்டவும் மறக்கவேண்டாம்.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இத்தகைய விலக்கு நிபந்தனை இல்லை. அங்கே அறையின் மூலப் பதிவை (அறைப் பட்டியலில் அந்த அறைக்கான வரியை) ‘ஃபார் அப்டேட்’ கட்டளையால் பூட்டி, பிறகு மோதலைச் சோதித்து, பிறகு எழுதி, பிறகு விடவேண்டும். ஒரு பொறி இருக்கிறது. அதன் இயல்பான தனிமை நிலையில் (ஒரு டிரான்சாக்ஷன் மற்றவர் எழுதுவதை எவ்வளவு பார்க்கலாம் என்ற அமைப்பு), டிரான்சாக்ஷனுக்குள் முதன்முதலில் சாதாரணமாகப் படித்த நொடியின் படமே கடைசி வரை கண்ணுக்குத் தெரியும். பூட்டுக்கு முன் எதையாவது படித்துவிட்டீர்கள் என்றால், பூட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் மற்றவர் எழுதியது உங்களுக்குத் தெரியாது. பூட்டுதான் முதல் கட்டளையாக இருக்கவேண்டும். மோதல் சோதனையையும் ‘ஃபார் அப்டேட்’ சேர்த்தே செய்தால் இன்னும் பாதுகாப்பு.

ஜாக்கெட் போன்ற எண்ணிக்கைச் சாதனங்களுக்கும், வகை வாரியாகப் பிடிக்கும் அறைகளுக்கும் விலக்கு நிபந்தனை உதவாது. அங்கே எந்தத் தரவுத்தளமானாலும், அந்த வகையின் மூலப் பதிவைப் பூட்டிவிட்டு உச்சத்தைக் கணக்கிட்டு எழுதுவதே வழி.

தங்கும் நேரத்தை நீட்டிக்கக் கேட்பவருக்குச் சோதிக்கும்போது அவருடைய பழைய பதிவையே மோதலாகக் காட்டாமல் விலக்குங்கள். காலி செய்யும் நேரம் கடந்தும் சாவி திரும்பாத அறை, கணக்கில் காலியாகத் தெரிந்தாலும், திரும்பும் வரை காலியில்லை.

7. பணம் வரும் வரை பிடித்து வைத்தல்

இணையத்தில் பணம் கட்டப் போனவருக்காக அறையைச் சிறிது நேரம் பிடித்து வைக்கவேண்டும். 10 முதல் 15 நிமிடம் போதும். யூபிஐ செயலிக்குப் போய், ரகசிய எண் போட்டு, திரும்பி வர அவ்வளவு நேரம் தேவைப்படும். அமாவாசைக் கூட்டத்தில் கைபேசி இணையம் தள்ளாடும்போது அதைவிடக் குறைக்காதீர்கள்.

காலாவதியான பிடிப்பைத் தரவுத்தளம் தானாகக் கண்டுகொள்ளும் என்று எண்ணவேண்டாம். விலக்கு நிபந்தனைக்குள் ‘இப்போதைய நேரம்’ என்று எழுத முடியாது. எனவே புதிய பதிவை எழுதுமுன், அதே டிரான்சாக்ஷனில், அந்த அறையின் காலாவதியான பிடிப்புகளைக் காலாவதி என்று குறித்துவிட்டு எழுதுங்கள். தனியாக ஓடும் சுத்தம் செய்யும் நிரலை மட்டும் நம்பினால், அது நின்றுபோன இரவில் எல்லா அறையும் நிரம்பியதாகக் காட்டும்.

பிடிப்பு காலாவதியான பிறகு பணம் வந்து சேருவதும் நடக்கும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு உறுதி செய்யாமல், மறுபடி பிடிக்க முயலுங்கள். கிடைத்தால் உறுதி, கிடைக்காவிட்டால் உடனே பணத்தைத் திருப்பும் வேலையைத் தொடங்கிக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் தனி எண் கொடுத்தால், ஒருவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினாலும், பணம் வாங்கும் நிறுவனம் அதே செய்தியை இரண்டு முறை அனுப்பினாலும், ஒரே முன்பதிவுதான் விழும்.

8. வெளித்தளங்களும் அடைப்புகளும்

வெளித்தளத்தோடு நாட்காட்டிக் கோப்பைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அது அவ்வப்போதுதான் புதுப்பிக்கப்படும். அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் ஒரே அறையை விற்றுவிடலாம். கூட்ட நாட்களுக்கு வெளித்தளத்தில் கடைசி ஓரிரு அறைகளைக் காட்டாமல் வைப்பதே மலிவான மருந்து. அந்தக் கோப்பிலும் முடிவுத் தேதி சேர்த்தியில்லை என்பதே விதி. நம் இரண்டாம் படியோடு ஒத்துப்போகும்.

வானிலையால் வாடகையை நிறுத்தி வைக்கும் அடைப்பை முன்பதிவைப் போலவே பதியுங்கள், ஆனால் வகையை வேறாக்குங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் கயாக் வாடகை நிற்கவேண்டும். ஆனால் ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்கள் இருப்பார்கள். மோதுகிறது என்று சொல்லி மென்பொருள் அடைப்பை மறுத்துவிடக் கூடாது. அடைப்பு விழவேண்டும், பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் தொலைபேசி எண்ணோடு திரையில் வரவேண்டும். காற்று தணிந்ததும் ஒரே அழுத்தில் அடைப்பு நீங்கவேண்டும்.

9. சோதனை

கையால் அழுத்திச் சோதித்தால் ஆறாம் படியின் சிக்கல் ஒருநாளும் தெரியாது. ஒரே அறைக்கு, ஒரே நேரத்துக்கு, ஐம்பது கோரிக்கைகளை ஒன்றாக அனுப்பும் சிறு நிரல் எழுதுங்கள். ஒன்று வெல்லவேண்டும், நாற்பத்தொன்பது பண்போடு தோற்கவேண்டும். இரண்டு வென்றால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

அதிகாலை 4 மணி வருகை, மாதக் கடைசி இரவு, 12 மணிக்கு முடிந்து 12 மணிக்குத் தொடங்குவது, பழையதை முழுதாக விழுங்கும் புதியது ஆகிய நான்கையும் தவறாமல் சேருங்கள். பிறகு முதல் படியில் வாங்கிய ஆடி அமாவாசை நோட்டை அப்படியே மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். மென்பொருள் மறுக்கும் ஒவ்வொரு வரியையும் மேனேஜரிடம் காட்டுங்கள். ஒன்று அது நோட்டின் பிழையாக இருக்கும், அல்லது யாரும் உங்களுக்குச் சொல்லாத விதியாக இருக்கும். என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

10. செலவும் காலமும்

போஸ்ட்கிரஸ்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. செலவு சர்வர் வாடகையிலும், தினசரி காப்புப் பிரதியிலும், குறுஞ்செய்தியிலும், பணம் வாங்கும் கட்டணத்திலும் இருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு விதிப்படி நிறுவனத்தின் பெயரையும் ஒவ்வொரு செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் வாங்கவேண்டும். உரிமையாளரின் பான், ஜிஎஸ்டி சான்று இரண்டையும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். ‘அறை கிடைக்கவில்லை, பணம் திரும்பும்’ என்ற வாசகத்தையும் அப்போதே பதிந்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் ஒப்புதல் வாங்க ஓடமுடியாது.

பணம் வாங்கும் நிறுவனம் கார்டுக்கு 2 சதவீதம் எடுத்தால், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து, 5,000 ரூபாய்க்கு 118 ரூபாய் போகும். முன்பதிவை ரத்து செய்து பணத்தைத் திருப்பினாலும் இந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. ஓர் அறையை இருவருக்குக் கொடுத்தால் கெட்ட பெயரோடு இந்த நஷ்டமும் சேரும் என்று உரிமையாளருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆறாம் படிக்கு அவகாசம் தர அவர் தயங்கமாட்டார்.

விலை பேசும்போது திரைகளுக்கு ஒரு தொகை, இருப்புச் சரிபார்ப்புக்கும் சோதனைக்கும் தனித் தொகை என்று பிரித்துக் கேளுங்கள். ஒன்றாகச் சொன்னால் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குத்தான் முதலில் வெட்டு விழும்.

தொடங்கும் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். ராமேசுவரம் விடுதிக்கு ஆடி, தை, மகாளய அமாவாசைகளை ஒட்டிய வாரங்கள் கூடாது. கோடை விடுமுறையும், கார்த்திகையில் தொடங்கும் அய்யப்ப பக்தர்கள் வருகையும் கூடாது. மகாளய அமாவாசைக்கும் கார்த்திகை முதல் தேதிக்கும் இடையே, தீபாவளி விடுமுறையைத் தவிர்த்து ஒரு வாரத்தைப் பிடிப்பது வசதி. தொடக்கத்தில் இரண்டு வாரம் நோட்டும் மென்பொருளும் சேர்ந்தே ஓடட்டும். தினமும் இரவு கவுன்டர் கணக்கு முடிக்கும் நேரத்தில் இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். முரண்பட்டால் அன்றைக்கு நோட்டில் இருப்பதே செல்லும் என்று மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். அந்த உரிமை இருந்தால்தான் அவர் முரண்பாட்டை மறைக்காமல் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்வார்.